கோட்டை மதிக்காத ரோபோ

கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு வருடமாகத் தற்காலிக உதவியாளராக இருந்தவளை மாணவர்கள் ‘சென்சார் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோவுக்கு அகச்சிவப்பு சென்சார்களைப் பற்றவைப்பது அவள்தான். அவை விடும் வெளிச்சம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா என்று கைபேசி கேமராவில் பார்த்துக்கொள்வாள்.

சிறப்பு விருந்தினர் முன்னால் ரோபோ ஒழுங்காக ஓடினால் வேலையை நிரந்தரமாக்குவதாக முதல்வர் சொல்லியிருந்தார். ஆனால் வெள்ளைத் தரையில் அவள் ஒட்டியிருந்த கறுப்பு டேப் லட்சணமாக இல்லையென்று விருந்தினர் வரும் அன்று காலை அவரே பிய்த்துப் போட்டுவிட்டு, ஓவிய ஆசிரியரை விட்டு மார்க்கரால் கோடு போடச் சொன்னார். ரோபோ அந்தக் கோட்டைச் சட்டையே செய்யாமல் விருந்தினரின் சோபாவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

“என்னம்மா, உங்க சென்சாருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? கோடு கன்னங்கரேல்னுதானே இருக்கு!” என்றார் முதல்வர்.

“நமக்குத்தான் சார் கறுப்பு. இந்த மை அகச்சிவப்பை விழுங்காது. அதுக்கு இதுவும் வெள்ளைத் தரைதான்.”

சொல்லிக்கொண்டே கோட்டின்மேல் டேப்பை ஒட்டினாள். ரோபோ சமர்த்தாக ஓடியது.

“டேப்பை என்ன நேர்த்தியா ஒட்டுறாங்க!” என்று வியந்தார் விருந்தினர்.

முதல்வர் வாக்குத் தவறவில்லை. மறுவாரமே நிரந்தர ஆணை வந்தது, கட்டடப் பராமரிப்புப் பிரிவில். வீட்டில் கணவர் அதை இரண்டு தடவை படித்தார்.

“அப்ப சென்சாரை யாரு செய்வா?”

“தற்காலிகமா ஒரு ஆள் எடுக்கிறாங்களாம். வேலைய நான்தான் சொல்லிக் கொடுக்கணுமாம்.”