பன்னிரண்டு நாள் வாசிப்பு

ஏழாம் வகுப்புப் படித்த வருடம் என் அப்பாவைத் தொடர்ந்து பன்னிரண்டு நாட்கள் ஏமாற்றினேன். அதற்கு முன்பும் சின்னச் சின்னப் பொய்கள் சொன்னதுண்டு. ஆனால் இவ்வளவு ஒழுங்காக, தினமும் ஒரே நேரத்தில் செய்த ஏமாற்று வேலை அது ஒன்றுதான்.

அப்பா போர்வெல் லாரியில் டிரில்லர். திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் அந்த வேலைதான். வருடத்தில் ஒன்பது மாதம் மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ யாருடைய காட்டிலாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே மழை பிடித்து, சேற்றில் வண்டி நகர முடியாமல் போனால் ஊருக்கு வருவார்கள். அப்படி வந்த ஒரு முறை அப்பா கையில் ஒரு வயலினோடு வந்து இறங்கினார்.

"போர் போடறவன் புள்ளைக்குப் பிடிலு எதுக்குங்க மாப்ள?" என்று மாமா கேட்டார். அப்பா சிரித்ததோடு சரி.

சனி, ஞாயிறுகளில் மலையடிவாரத்தில் இருந்த வயலின் மிஸ் வீட்டுக்கு வகுப்புக்குப் போனேன். மிஸ் வேகமாக வாசித்தால் பாராட்ட மாட்டார், தப்பாக வாசித்தால் திட்டவும் மாட்டார். கவனம் போனால் மட்டும் வில்லைப் பிடித்து நிறுத்திவிடுவார். "கை தானா ஓடுது. காது எங்க போச்சு?" என்பார். காது எங்கே போயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதிர்வீட்டு டிவிக்கு, பள்ளியில் என்னோடு பேசாமல் இருந்த தோழியிடம், மதியம் சாப்பிடாமல் கொட்டிய டப்பாவுக்கு. மிஸ் பக்கத்தில் இருந்ததால் பயத்தில் திரும்பி வந்துவிடும்.

வீட்டில்தான் தொல்லை. அங்கே பயப்படக்கூட ஆள் இல்லை. அம்மா மில் ஆபீஸிலிருந்து வந்து சேர எட்டு மணி ஆகும். நாலரைக்கு நான் பூட்டைத் திறந்து உள்ளே போனால், பக்கத்துச் சந்தில் ஓடும் தறிகளின் சத்தம்தான் எனக்குத் துணை. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஜண்டை வரிசையை வாசிப்பேன். சுவர் கேட்கும்.

இது அப்பாவுக்கு எப்படித் தெரிந்ததோ, அம்மாவின் பழைய போனை வீட்டில் வைக்கச் சொன்னார். தினமும் இருபது நிமிடம் வாசித்து, அதைப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். மறுநாள் காலையில் அவர் குரல் வரும். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல், அதற்கு மேல் அவர் கத்துவார்: "கேட்டேன் சாமி. நல்லா இருந்துச்சு."

முதல் மாதம் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கேட்டுக் கேட்டு வாசித்தேன். யாரோ கேட்கப்போகிறார்கள் என்பதே மனதை இழுத்துப் பிடித்து வைத்தது. பிறகு விரல்களுக்குப் பாடம் பழகிவிட்டது. அவை பாட்டுக்கு ஓடின, நான் பாட்டுக்கு எங்கேயோ இருந்தேன். எப்படி வாசித்தாலும் காலையில் அதே நான்கு சொற்கள்தான் வந்தன. சொதப்பிய நாளும் நல்லா இருந்துச்சு. இருமி இருமி வாசித்த நாளும் நல்லா இருந்துச்சு.

ஒரு நாள் வயலின் பெட்டியைத் திறக்கவே பிடிக்கவில்லை. முந்தைய நாள் பதிவையே மறுபடியும் அனுப்பிவிட்டுச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பிடிபடுவேன் என்று ராத்திரி இரண்டு முறை எழுந்து போனைப் பார்த்தேன். காலையில் போன் ஒலித்தது. "கேட்டேன் சாமி. நல்லா இருந்துச்சு."

தப்பித்த சந்தோஷம் வரவில்லை. அப்படியானால் அவரும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை, அவரும் கேட்பதில்லை என்றால் இந்த வாசிப்பு யாருக்கு? அடுத்த நாளும் அதையே அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்காவது அவர் திட்டட்டும் என்று ஆசைப்பட்டேன். பன்னிரண்டு நாளும் திட்டவில்லை. பதிமூன்றாவது நாள் அங்கே மழை பிடித்துவிட்டது.

அப்பா வந்த மறுநாள் மத்தியானம், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துப் போனை எடுத்தார். என் வாசிப்பு ஓட ஆரம்பித்தது. அதை அனுப்பினேனே தவிர, ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. பின்னணியில் தறிச் சத்தம். பாதியில் சட்டென்று அந்தச் சத்தம் நின்றுபோய், என் வயலின் மட்டும் தனியாகக் கேட்டது.

"கரண்டு போயிருச்சு," என்றார் அப்பா. "ஏஞ்சாமி, உங்கூருல பன்னெண்டு நாளும் இதே வரியிலதான் கரண்டு போவுமா?"

எனக்கு முகம் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பதிவைப் பின்னால் தள்ளி மறுபடியும் போட்டார்.

"இதக் கேளு. இந்த எடத்துல நீ இங்க இல்ல. கை மட்டும் ஓடுது. கரண்டு போனதும் உனக்கே உன்ற சத்தம் கேக்குது. பாரு, திரும்பி வந்துட்ட. எனக்கு இதுலயே புடிச்சது இந்த எடந்தான்."

"உங்களுக்கு எப்படிங்கப்பா தெரியும்?"

"வண்டியில நிக்கறப்ப எனக்கும் மனசு எங்கியாச்சும் போவும். பாறை மாறுனா சத்தம் மாறும். காது அங்க இல்லீன்னா பாறையக் கொடையற பிட்டு உள்ளயே மாட்டிக்கும். அதுக்குள்ள திரும்பி வந்துரோணும், அவ்வளவுதான்."

"தெரிஞ்சும் ஏனுங்கப்பா திட்டல?"

அவர் போனை அணைத்து மடியில் வைத்தார். "திட்டி, நீ அதையும் அனுப்பாம நிறுத்திப்போட்டீன்னா?" என்றார்.

அது ஒரு காரணமா என்று எனக்கு அப்போது தோன்றியது. திட்டுவதற்குச் சோம்பல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். மூன்று முறை மனம் போயிற்று. மூன்று முறையும் அது போனது எனக்கே தெரிந்தது. அப்படித் தெரிந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய், மெதுவாக மறுபடி ஆரம்பித்தேன். இருபது நிமிடப் பாடம் ஒரு மணி நேரம் ஆனது.

மழை விட்டு வண்டி கிளம்பும் நாளில், அவரோடு வேலை செய்யும் டிரைவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொழுது சாயறப்ப அண்ணன் போனத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள நடந்து போயிருவாருங்க. அரைக் கிலோமீட்டர் போனாத்தான் நம்ம வண்டிச் சத்தம் கேக்காது. சோறு ஆறிப்போவும், கூப்புட்டாலும் வரமாட்டாரு. அக்கா, உங்ககூடத்தான் பேசறாராட்டம்னு நாங்க நெனச்சுக்கிட்டோம்."

அம்மா சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியைக் கையில் வைத்தபடி அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அப்பா இலையிலிருந்து தலை நிமிரவே இல்லை. ஆளில்லாத வீடு என்பது எனக்கு மட்டும் வாய்த்தது என்று நம்பியிருந்த வயது அது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. டிரைவரிடம் கேட்டேன்.

"காட்டுக்குள்ள டவர் கெடைக்குமாங்க?"

"வண்டிகிட்டதான் கெடைக்கும் சாமி, அங்க போனா ஒரு கோடுகூட வராது," என்றார் அவர்.