கோர்ட்டு வாசலில் ஒரு சுளகு தவிடு

நான் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றவள். பச்சைப் பிள்ளையைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள் என்று என்மேல் வழக்கு. இந்தப் பேச்சை எடுத்தாலே என் மருமகள்மார் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நான் ஒரு நாளும் குனிந்ததில்லை. எங்கள் குடும்பத்து ஆண்பிள்ளைகள் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் போட்ட வழக்கெல்லாம் தோற்றுத்தான் போயின. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து வந்தவள் நான் ஒருத்திதான்.

திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக இந்த மகன் பிறந்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி இவனைத் தவிட்டுக்கு வாங்குவதென்று முடிவு செய்தோம். பெற்றவளிடம் பிள்ளை தங்கவில்லையென்றால், அது அவள் பிள்ளையே இல்லை என்று ஆக்கிவிடுவதுதான் அந்த வழக்கம். பிள்ளையைச் சுளகில், அதுதான் முறத்தில், கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு, தாய் திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். பெற்றதெல்லாம் பிழைத்த ஒருத்தி வந்து எடுப்பாள். எடுத்தவளுக்குத் தவிட்டைக் கொடுத்துத் தாய் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். வைத்தது முதல் வாங்குவது வரை, பெற்றவர்கள் இரண்டு பேரும் வாய் தவறிக்கூட ‘என் பிள்ளை’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் இதுவும் தங்காது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இரண்டைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் பூக்கட்டி விற்ற அக்காவிடம் பேசி வைத்திருந்தோம். அவள் பெற்றது அத்தனையும் தெருவை ரெண்டாக்கிக்கொண்டு ஓடியாடித் திரிந்தன. கடைகளுக்குப் பின்னால், சிதறுதேங்காய்ச் சிரட்டையும் வாடின பூவும் கொட்டுகிற மேடு ஒன்று உண்டு. விடிந்து கொஞ்ச நேரத்தில் பிள்ளையை அங்கே வைத்துவிட்டு, தெருமுக்குவரை நடந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். அக்கா வந்திருக்க வேண்டும். அன்றைக்கென்று பார்த்து வெளியூர்க்காரர்கள் கூட்டமாகக் கோயிலுக்கு வந்துவிட, அவளால் கூடையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

பிள்ளை அழுதது. பிறகு அழுகை நின்றது. அக்கா எடுத்துவிட்டாள் என்று நினைத்துக் கையைக் கூப்பிக்கொண்டு திரும்பினேன். பிள்ளையோடு நின்றது ஒரு போலீஸ்காரர். வடக்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்கள் வழக்கமெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? நான்தான் வைத்துவிட்டுப் போனேன் என்று ஒரு கடைக்காரர் கைகாட்டினார்.

“இது ஆருடெ குட்டியா?” என்று போலீஸ்காரர் என்னைக் கேட்டார்.

யார் பிள்ளையோ, தெரியாது என்றேன். கூப்பின கையை மட்டும் இறக்கவில்லை. யார் எடுத்தாலும் எடுத்தவருக்குத்தானே பிள்ளை.

ஸ்டேஷனில் பிள்ளை பசியில் கத்தியது. யார் பிள்ளையானாலும் பசி பசிதானே என்று சொல்லி வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் எனக்குக் கிறுக்கு என்று முடிவு கட்டியிருப்பார். கெட்ட மனிதரில்லை. பிள்ளை என்னுடையதுதான், புத்தி கலங்கி விட்டுவிட்டேன் என்று அவரே ஒரு வாக்குமூலம் எழுதிவந்து, கையெழுத்துப் போட்டால் கண்டித்து அனுப்பிவிடச் சொல்கிறேன் என்றார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், போட மாட்டேன் என்றேன்.

அதற்குள் விஷயம் தெரிந்து என் வீட்டுக்காரர் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வக்கீல் நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். வீட்டுக்காரர் ‘என் பிள்ளை’ என்ற வார்த்தையைத் தவிர ஒன்று விடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, என் எதிரே வந்து உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். இனிமேல் திரும்பி வருவதில்லை என்ற எண்ணத்தோடு பிள்ளையை விட்டுப்போனால்தான் இந்தக் குற்றம். அந்த எண்ணம் எனக்கு இருந்தது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும், இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. போலீஸிடம் ஒப்புக்கொண்டதைக் கோர்ட்டில் குற்றத்துக்குச் சாட்சியாக வைக்க முடியாது, ஆனாலும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கோர்ட்டில் என்னைச் சத்தியம் செய்யச் சொல்ல மாட்டார்கள். மாஜிஸ்திரேட்டே கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, தோற்றால் வருஷக்கணக்கில் ஜெயில் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

“எனக்கு இந்தத் தவிட்டுல எல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா,” என்றார். “ஆனா, வாயைத் திறக்காம இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதுல எனக்கு முழு நம்பிக்கை.”

அதுவரை சட்டம் என்றால் நம்மைப் பிடிக்க வருவது என்றுதான் நினைத்திருந்தேன். என் பக்கத்திலும் அது வந்து உட்காரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று மத்தியானமே ஜாமீன் கிடைத்தது. விசாரணை முடியும்வரை பிள்ளையைப் பூக்கார அக்கா வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவானது. அவளிடமிருந்தே தவிட்டுக்கு வாங்கிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் நியாயக்காரி.

“நான் எடுக்கலையே தாயி,” என்றாள். “எடுத்தவுகதான் விக்கணும்.”

பிறகென்ன, வேளா வேளைக்கு அவள் வீட்டுக்குப் போய், யாரோ பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் மாதிரிக் கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்சவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரருக்குத் தைரியம் விட்டுப்போயிற்று.

“ஏளா, சொல்லித்தான் தொலையேன்,” என்றார். “நீ உள்ள போயிட்டா அவன் யாரை நம்பிப் பிழைப்பான்?”

நான் உள்ளே போனால் அவன் அழுவான், நான் சொன்னால் அவன் இருக்கமாட்டான் என்றேன். அவர் எழுந்து தவிடு வாங்கிவரப் போனார்.

கோர்ட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பிள்ளையைக் குப்பையில் போட்டவளைப் பார்க்கச் சாலைக் கடைத்தெருவே கடையடைத்துவிட்டு வந்திருந்தது. போலீஸ்காரர் சாட்சி சொன்னார். வக்கீல் அவரைச் சின்னச் சின்னதாகக் கேட்டார். பிள்ளைக்குக் கீழே விரித்திருந்தது புதுத்துணியா? புதுத்துணிதான். கண்ணில் மை இருந்ததா? இருந்தது, கன்னத்தில் திருஷ்டிப்பொட்டும் இருந்தது. இந்த அம்மாள் ஓடினாளா? இல்லை, முக்கில் நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் பிள்ளையை எடுத்ததும் என்ன செய்தாள்? அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள் என்றார். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அப்புறம் பூக்கார அக்கா ஏறி, எடுக்க வேண்டியவள் நான்தான், எழுந்து வர முடியாமல் போயிற்று என்று அழுதுகொண்டே சொன்னாள்.

கடைசியில் மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். பிள்ளை உன்னுடையதுதானே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது என்று தன்மையாகத்தான் கேட்டார். அவ்வளவு தன்மையாகக் கேட்டதுதான் ஆபத்து. நுனி நாக்குவரை வந்துவிட்டது. கோர்ட்டுக்கு வெளியே அக்காவின் மகள் இடுப்பில் பிள்ளை சிணுங்குவது கேட்டது. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

வக்கீல் எழுந்து, பதில் சொல்லாமலிருப்பது இந்த அம்மாளின் உரிமை என்றார். மாஜிஸ்திரேட் என்னை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து வெகுநேரம் எழுதினார். விட்டுப்போகும் எண்ணம் நிரூபணமாகவில்லை, விடுதலை என்றார்.

வாசலில் என் வீட்டுக்காரர் சுளகில் தவிட்டோடு நின்றார். நான் நேரே போலீஸ்காரரிடம் போனேன். அக்கா பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். குழந்தையைத் தூக்கிப் பழக்கமில்லாத மனிதர், லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திண்டாடினார்.

“தவிட்டை வாங்கிக்கிட்டுப் பிள்ளையைத் தாங்க,” என்றேன்.

வக்கீல் அவருக்கு மலையாளத்தில் எடுத்துச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் ஒரு பசு இருக்கிறது, தவிடு உதவும் என்று சொல்லி, பிள்ளையை என் கையில் வைத்துவிட்டுச் சுளகை வாங்கிக்கொண்டார். இரண்டடி போனவர் நின்று திரும்பி, குப்பைமேட்டில் கேட்டதையே மறுபடி கேட்டார்.

“அப்போ, இது ஆருடெ குட்டியா?”

“என் பிள்ளை,” என்றேன். கோர்ட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்த மாஜிஸ்திரேட்டுக்கும் அது கேட்டிருக்கும்.