பொருள் எண் இருநூற்றுப் பதினேழு

அந்த ஹோட்டலில் அவளைப் 'பீரோ அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை வைக்கும் இரும்பு பீரோக்களின் சாவிக்கொத்து பதினெட்டு வருடமாக அவள் இடுப்பில்தான் இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங் பிரிவில், வெளுத்த துணிகள் அடுக்கும் அறைக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஒரு பொந்து. பல்செட்டோ புல்லாங்குழலோ, எது வந்தாலும் ரிஜிஸ்டரில் ஏற்றி, எண் போட்ட அட்டையைக் கட்டி உள்ளே வைப்பாள். உரியவர் வந்து, பொருளைக் கண்ணால் பார்க்காமல் மூன்று அடையாளம் சரியாகச் சொன்னால்தான் அது வெளியே வரும். முதலாளியின் மைத்துனரே ஒருமுறை குடைப்பிடியின் நிறம் தெரியாமல் நனைந்துகொண்டே போயிருக்கிறார்.

அன்று காலை பத்து மணிக்கு, நாற்பத்திரண்டு பேர் கொண்ட சுற்றுலாக் கூட்டம் ஒன்று அறைகளைக் காலி செய்துவிட்டு பஸ் ஏறியது. பத்தரைக்கு, முந்நூற்றெட்டாம் அறையைத் துடைக்கப் போன பெண் தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"அக்கா, பாத்ரூம் தொட்டிக்குள்ள ஒரு பெரியவர் படுத்திருக்கார்!"

"உயிரோடவா?"

"குறட்டை விடறார்க்கா."

மகன் விடும் குறட்டை தாங்காமல், தலையணையும் போர்வையுமாக ஈரமில்லாத தொட்டிக்குள் குடிபெயர்ந்து, திரையையும் இழுத்து மூடியிருந்தார் அவர். அப்பா முன்னாடியே கீழே போய்விட்டார் என்று நினைத்து மகனும் பஸ் ஏறிவிட்டான். பெரியவரின் போனும் பெட்டியும் அவனோடு போய்விட்டன; மகனின் நம்பர் அந்தப் போனுக்குத்தான் தெரியும்.

பீரோ அக்கா ரிசப்ஷனுக்குப் போன் போட்டாள்.

"முன்னூத்தியெட்டா? காலின்னு காட்டுதே" என்றாள் ரிசப்ஷன் பெண்.

"ஆள் இருக்காரும்மா."

"காலி ரூம்ல எப்படிக்கா ஆள் இருப்பார்?"

சுற்றுலாக் கூட்டத்தின் கைடு அதற்கும் மேல். "நாப்பத்திரண்டு தலை, நானே எண்ணினேன். நீங்க வச்சிருக்கறது யாரோ!" என்று போனை வைத்துவிட்டார். தன் தலையையும் சேர்த்து எண்ணியது அவருக்கு உறைக்கவில்லை.

அறை காலி என்பதால் மெயின்டனன்ஸ்காரர்கள் மின்சாரத்தை நிறுத்தினார்கள். காலி அறைக்கு ரூம் சர்வீஸ் டீ அனுப்பாது. வாசலுக்குப் போய்க் காத்திருக்கலாம் என்று பெரியவர் இறங்கினால், செக்யூரிட்டி மறித்தார். "விருந்தாளின்னா ரூம் சாவி காட்டணும். ஊழியர்னா அடையாள அட்டை. சாமான்னா கேட் பாஸ். நீங்க இதுல எதுங்க ஐயா?"

பெரியவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பீரோ அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலி போட்டு, ரிஜிஸ்டரைத் திறந்தாள்.

'எண் 217. ஆள், ஒன்று. நிறம்: மாநிறம். நிலை: நன்று.'

அட்டையைச் சட்டைப் பொத்தானில் கட்டியதும், அதுவரை கண்ணில் படாத மனிதர் எல்லாப் பிரிவுக்கும் தெரிய ஆரம்பித்தார். முதலில் கிச்சனிலிருந்து தலைமைச் சமையல்காரர் வந்தார்.

"அழுகற பொருள்னா ஒரு நாளைக்கு மேல வைக்கக் கூடாதுக்கா. இவர் எந்த வகை?"

"எழுபத்திமூணு வருஷமா கெடாம இருக்கேன்" என்றார் பெரியவர்.

அவள் 'விலை உயர்ந்தது' என்று எழுதினாள். உடனே ரிசப்ஷன் மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார். விலை உயர்ந்ததை அவர் லாக்கரில் அல்லவா வைக்க வேண்டும்!

"லாக்கர் அகலமே ஒண்ணரை அடிதான். 'பொது'ன்னு மாத்திடுங்க."

பெரியவரின் முகம் சுருங்கிப்போனது. அவள் பேனாவை எடுத்து, 'விலை உயர்ந்தது, ஆனால் பெரியது' என்று திருத்தினாள். மேனேஜர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் தன் டிபன் பாக்ஸை மூடியில் ஒரு பாதி, டப்பாவில் ஒரு பாதியாகப் பிரித்தாள். சாப்பிட்டுக்கொண்டே, "பையன் நல்லவன்தாம்மா" என்றார் பெரியவர். "மூணு நாளா பக்கத்துலயே உக்காந்து வந்தான். என் பக்கம் திரும்பத்தான் நேரம் கெடைக்கல." அவள் தன் பங்கிலிருந்து இன்னும் கொஞ்சம் அவருக்குத் தள்ளினாள்.

வழியில் சாப்பாட்டுக் கடையில் ஒரு தட்டு மிஞ்சிய பிறகுதான் பஸ்ஸில் கூச்சல் எழுந்திருக்கிறது. நாலு மணிக்கு பஸ் ஹோட்டலுக்கே திரும்பியது; மகன் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். பீரோ அக்கா பெரியவரை அலமாரிக்குப் பின்னால் உட்கார வைத்தாள்.

"மூணு அடையாளம் சொல்லுங்க."

"மேடம், அவர் எங்கப்பா!"

"குடைக்கும் இதே சட்டம்தான் தம்பி."

"வெள்ளை மீசை..."

"தப்பு" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மீசையை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"நீலச் சட்டை?"

"அதுவும் தப்பு."

மகன் போனை எடுத்து அப்பாவின் போட்டோவைத் தேடினான். அந்த நேரம் பார்த்து, எப்போது கிளம்பலாம் என்று கேட்க பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"யாரு, அந்தப் பெரியவரா? மீசை முந்தாநாள் போச்சு. இடது காது மந்தம். செருப்புல ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பழுப்பு."

மூன்றும் சரி. சட்டப்படி டிரைவர் கையெழுத்துப் போட்டுப் பொருளைப் பெற்றுக்கொண்டார்.

"அண்ணே, எங்கப்பாவை எங்கிட்ட கொடுத்துடுவீங்களா?" என்றான் மகன்.

"அவரையே கேளுங்க தம்பி."

"முன் சீட்டுல, பேச்சுத் துணையோட வரேன். போனைப் பைக்குள்ள போடறதுன்னா நீயும் வா" என்றார் பெரியவர். அவன் அந்த இடத்திலேயே போட்டான்.

சாமான் என்று பதிவாகிவிட்டதால் முன்வாசல் வழியாக விட முடியாது என்றார் செக்யூரிட்டி. அழுக்குத் துணிக் கூடைகளுக்கு நடுவே, பின்வாசலில், கேட் பாஸோடு வெளியேறினார் பெரியவர். பஸ் தெருவைச் சுற்றிக்கொண்டு அங்கே வந்தது. ஏறும்போது திரும்பி, "பாதிச் சாப்பாட்டோட வேலை பாத்திருக்கே, போய்ச் சாப்பிடும்மா" என்றார்.

மறுநாள், மேனேஜர்களின் காலைக் கூட்டத்துக்கு, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அவளையும் கூப்பிட்டார்கள். யார் மேல் தப்பு என்று ஒன்றரை மணி நேரம் ஆராய்ந்து, எல்லாப் பிரிவும் விதிப்படி சரியாகவே வேலை செய்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள்.

"நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று ஜெனரல் மேனேஜர் கேட்டார்.

"எல்லார்கிட்டயும் சொன்னேன் சார்."

ஜெனரல் மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னார். அதற்கடுத்த நாள் கூட்டத்திலும் அவள் போய் அதில் உட்கார்ந்தாள். கூப்பிட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை.