எல்லைக்குக் கீழே அந்தோனி அண்ணை புதைத்த குழாய்

அந்தோனி அண்ணை போய்விட்ட செய்தி வந்தபோது, நான் கடையில் பூச்சாடி மண் மூட்டை ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்திருந்தேன். "விடிய எழுப்பினன். எழும்பேல்லை தம்பி" என்றார் அவர் மனைவி றோசலின் அக்கா, தொலைபேசியில். மூட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்த மூட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் யன்னலோரம் ஒரு கறிவேப்பிலைக் கன்று குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் போடும் கறுப்பு மண் எங்கள் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் வெட்டியது. சதுப்பு காய்ந்தால்தான் மண்ணை வெட்டலாம். அண்ணை அந்த மண் வெட்டும் கம்பனியில் பெக்கோ இயந்திரம் ஓட்டி, வாய்க்கால் தோண்டித் தண்ணீரை வடியவிட்டவர். விருந்துக்கு வந்தால் முதலில் சாடியைத்தான் பார்ப்பார். "உங்கட கறிவேப்பிலைக்கு நான் ஒரு சதுப்பையே காயவச்சிருக்கிறன். நாலு இலை கூடப் போடுங்கோ, கறியாவது மணக்கட்டும்" என்பார்.

பிறகு காலம் மாறியது. ஜெர்மனியும் ஒல்லாந்தும் சேர்ந்து, எல்லையின் இரண்டு பக்கமும் அந்தச் சதுப்பைத் திரும்ப நனைக்க முடிவுசெய்தார்கள். தோண்டிய வாய்க்கால்களை மூடவும் அண்ணையைத்தான் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அண்ணை மன்னார்க் கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தவர். எங்களோடு வேலை செய்த ஒல்லாந்துப் பெண் அன்னெகாவிடம், "உங்கட ஆக்கள் எங்கட ஊரில கோட்டை கட்டி வரி கேட்டவை. நான் உங்களுக்கு அணை கட்டித் தாறன், வரி கேக்கமாட்டன்" என்று தன் ஜெர்மனில் சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழிலும் ஒருதரம் சொல்வார்.

தண்ணீர் ஏறியது. ஒல்லாந்துப் பக்கம் சாம்பல் நிறக் கொக்குச் சோடி ஒன்று வந்து கூடு கட்டியது. தண்ணீர் நடுவில் முட்டையிட்டால் நரி வராது என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. போன வசந்தத்தில் கூட்டடி காய்ந்து, நரி நடந்தே போய் முட்டைகளைத் தின்றுவிட்டது. அன்னெகா முட்டைக் கோதுகளைக் கொண்டுவந்து காட்டினாள். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா வந்து நிற்கும் அண்ணை, அன்றும் நின்றார். ஒரு கோதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அது நான் புதைச்ச குழாய், தம்பி. எல்லைக்குக் கீழால தண்ணியை இழுக்குது. கம்பனி வரைபடத்தில இல்லை. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

கொக்குகள் மாசியில் திரும்பும். அதற்கு முன் இடத்தைக் காட்டித் தருவதாக அன்னெகாவோடு ஒரு சனிக்கிழமை நாள் குறித்து டெர்மின் வைத்தார். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை; நான்தான் ஏற்றிப் போக வேண்டும். அந்தச் சனிக்கிழமை எனக்குக் கொலோனில் ஒரு பிள்ளையின் சாமத்திய வீடு, பூப்புச் சடங்கு.

"அண்ணை, அடுத்த கிழமை போவமே?"

"ஓமடா, குழாய் எங்க ஓடப்போகுது. நீ போய் வடிவாச் சாப்பிட்டிட்டு வா."

அடுத்த கிழமை எனக்குத் தடிமனும் இருமலும். "கொக்கு வாறதுக்குள்ள போவமடா" என்றார், அவ்வளவுதான். அதற்கடுத்த கிழமை றோசலின் அக்காவின் தொலைபேசி வந்தது.

செத்தவீடு முடிந்து அன்னெகாவோடு சதுப்புக்குப் போனேன். "உன்னிடம் ஏதாவது சொல்லியிருப்பாரே" என்று கேட்டாள். சொன்னார்தான். எத்தனையோ மதியம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி, எதை எங்கே புதைத்தார் என்று சொன்னார். நான் மீன்முள் பொறுக்கிக்கொண்டு ஓம், ஓம் என்றேன். நாலு இடத்தில் தோண்டினோம். வெறும் கறுப்பு மண்தான் வந்தது. கொக்குச் சோடி திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கிறது.

அவரோடு பழகிய உங்களில் யாருக்காவது அந்த இடத்தைச் சொல்லியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவருடையதாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு வசனம்: "ரெண்டு வெள்ளைப்பட்டை மரத்துக்கு நடுவில, தம்பி." அவர் குழாய் புதைத்த நாளில் அங்கே இரண்டு மரம்தான் நின்றிருக்கும். சதுப்பு காய்ந்த பிறகு முளைத்ததெல்லாம் அந்த மரம்தான். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு மரம் நிற்கிறது, நடுவில் ஓர் இடம் இருக்கிறது.