என்வலப் அல்ல, கவர்

தபால் முத்திரை சேர்ப்பவன் என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் என்னைத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பிறந்தநாள் விழாவோ கலியாணமோ, எங்கே போனாலும் ஒரு அன்ரி கைப்பையைத் திறந்து சின்னப் பிளாஸ்டிக் பை ஒன்றை நீட்டுவார். உள்ளே கத்தரிக்கோலால் வெட்டியெடுத்த முத்திரைகள் இருக்கும். "உமக்கெண்டு சேர்த்து வைச்சனான் தம்பி." பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்வேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்துவேன். முத்திரையை வெட்டியெடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? எங்கே போட்டது, எப்போது போட்டது, எந்த வழியாக வந்தது, எல்லாம் குப்பைக்கூடைக்குள் போய்விட்டதே!

"அவ அன்பாத் தந்தவ. உங்களுக்கு அதுவும் குற்றம்" என்பாள் மனைவி.

நான் சேர்த்தது கவர். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் தங்கம் தோண்டப் போனவர்களும் காணி பிடிக்கப் போனவர்களும் கிழக்கே இருந்த தங்கள் வீடுகளுக்கு எழுதிய கடிதங்களின் கவர்கள். எங்கள் ஆட்கள் என்வலப் என்பார்கள். "என்வலப் இல்லை, கவர்" என்று நான் திருத்துவேன். கடையில் வாங்கும்போது அது என்வலப். தபாலில் பயணம் போய், சீல் குத்துப்பட்டு, மூலை கசங்கி, இன்னொரு கைக்கு வந்து சேர்ந்த பிறகு அது கவர். இதை நான் விளக்கத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் சாப்பாட்டு மேசையில் ரோல்ஸ் எடுக்கப் போகிறேன் என்று எழும்பிவிடுவார்.

மிசிசாகாவில் விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு சரக்குக் களஞ்சியத்தில் எனக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை ஒன்றில் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்த கவர் ஒன்றைக் கையில் எடுத்தேன். அதன் மூலையில் ஊரின் பெயரை யாரோ மையால் கையாலேயே எழுதியிருந்தார்கள். அந்த ஊர்த் தபாலதிபருக்குக் குத்துவதற்கு ஒரு சீல் கூட இருக்கவில்லை. நூலகத்தில் வரைபடம் வரைபடமாகத் தேடினேன். ஊர் இல்லை. தங்கம் முடிந்ததும் ஆட்கள் எழும்பிப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் என் கையில் இருந்தது. அதோடு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

நல்ல கவர்களுக்கு நான் கிட்டவும் போக முடியாது. கிழிந்தது, தண்ணீர் பட்டது, எவனோ முத்திரையை வெட்டியது, இவைதான் எனக்குக் கட்டுப்படியாகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. ஒன்றில் கவர் இருக்கும், கடிதம் இராது. அல்லது கடிதம் இருக்கும், கவர் இராது. யாரோ ஒரு பேரனோ பேத்தியோ இரண்டையும் பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்திருப்பார்கள். அந்த முகம் தெரியாத அமெரிக்கர்களை நான் திட்டாத திட்டில்லை. கடிதம் உள்ளேயே இருக்கிற கவர் ஒன்று, ஒன்றே ஒன்று, எனக்கு வேண்டியிருந்தது. நாலு வருடமாகக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். அங்கே எனக்குப் பழக்கமானவர் ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவர், வெள்ளைக்காரக் கிழவர். அவர் சேர்ப்பது போர் நடக்கும் இடங்களிலிருந்து வரும் கவர்களை. "உன் நாட்டில் போர் நடக்கிறதே, உனக்குக் கடிதம் வருவதில்லையா?" என்று என்னைக் காணும்போதெல்லாம் கேட்பார்.

அந்த மாரிக் குளிரில் அப்பாவின் கடிதம் ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தது. என் தம்பி அப்போது ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டு, நடுவழியில் ஏதோ ஒரு நாட்டில், ஒரு அறைக்குள் பத்துப் பேரோடு அடைந்து கிடந்தான். அவன் வெளிக்கிட்ட பிறகு ஆமிக்காரர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து அவனைத் தேடினார்கள் என்றும், இரண்டாம் தரம் தன்னைக் கொண்டுபோய் ஒரு பகல் முழுக்க வைத்து விசாரித்தார்கள் என்றும் அப்பா எழுதியிருந்தார். நான் அதை எங்கள் அப்பார்ட்மென்ற்றின் கீழ்மாடியில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில், ஜக்கெற் கழற்றாமல், லிஃப்ற் வருவதற்கிடையில் வாசித்து முடித்தேன். ஆனால் லிஃப்ற்றுக்குள் ஏறிய பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தது கடிதத்தை அல்ல. கவரில் யாழ்ப்பாணத் தபால் சீல் ஒன்று, கொழும்புச் சீல் ஒன்று, இரண்டு திகதிகளுக்கும் இடையில் பத்துக் கிழமை. இரண்டுமே தெளிவாக விழுந்திருந்தன. அதைத்தான் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அதைக் கிழவரிடம் காட்டினேன். காட்டத்தான் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார். கலிபோர்னியாத் தங்கச் சுரங்க முகாம் ஒன்றிலிருந்து வந்தது. முத்திரையை எவனோ வெட்டியிருந்தான். ஆனால் உள்ளே நாலு பக்கக் கடிதம் இருந்தது.

"உன் கடிதத்தை நீயே வைத்துக்கொள். எனக்குக் கவர் மட்டும் போதும்" என்றார்.

அப்பாவின் கடிதத்தை வெளியே எடுத்து ஜக்கெற் பைக்குள் வைத்தேன். கவரைக் கொடுத்தேன். ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அது அப்பா நாக்கால் நனைத்து ஒட்டிய என்வலப் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவர் கவர் என்றார், நானும் அதைக் கவராகத்தான் பார்த்தேன்.

பிறகு மூன்று கிழமை அந்தச் சுரங்கக்காரனோடு குடித்தனம் நடத்தினேன். தாள் மிச்சம் பிடிக்க அவன் ஒரு பக்கத்தை நேராக எழுதி, அதே பக்கத்தை அப்படியே திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காகவும் எழுதியிருந்தான். பூதக்கண்ணாடியும் கையுமாக ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தேன். சேறு, உருளைக்கிழங்கு, பல்லுக்குத்து, அண்ணன் ஏன் பதில் போடவில்லை. அவனுடைய பல்லுக்குத்தைப் பற்றி ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிக் கவலைப்பட்டேன்.

"அவன் செத்து நூறு வருசம். சோத்தைச் சாப்பிடுங்கோ" என்றாள் மனைவி.

வெயில் காலத்தில் தம்பி வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். வந்த இரண்டாம் நாள் அப்பாவின் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். சோபாவில் இருந்தபடி இரண்டு தரம் வாசித்தான். தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்வலப் இருக்குத்தானே அண்ணை?"

"கவர்" என்று திருத்தினேன். "இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். கிழவரிடம் கேட்டால் தருவார், திருப்பி வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அவன் அதற்குப் பிறகு அந்தக் கதையையே எடுக்கவில்லை. கவர் சேர்க்கிற அண்ணனிடம் கவர் இருக்கும் என்பதில் அவனுக்கு என்ன சந்தேகம்?

அகதி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். லோயர் அப்பாவின் கடிதத்தைப் பார்த்துவிட்டு, கேஸில் இதுதான் முக்கியமான ஆதாரம் என்றார். இவன் திரும்பிப் போனால் ஆபத்து என்பதற்கு வேறு தாள் எதுவும் எங்களிடம் இல்லை. ஆனால் கடிதத்தில் திகதி எங்கே? அப்பா மேலே பிள்ளையார் சுழி போட்டு, கீழே 'வெள்ளிக்கிழமை' என்று மட்டும் எழுதுகிறவர். லோயர் பேனையால் பிள்ளையார் சுழியைத் தொட்டு, முகம் மலர்ந்து, "இது இரண்டா? இரண்டாம் திகதியா?" என்று கேட்டார்.

"இல்லை, அது பிள்ளையார்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. எழுதத் தொடங்குமுன் கடவுளுக்குப் போடுவது என்று விளக்கினேன். கடவுள் சாட்சி சொல்ல வரமாட்டார், என்வலப்பைக் கொண்டுவா என்றார். திகதி இல்லாவிட்டால் விசாரணைக்காக இங்கே இருந்தே எழுதிய கடிதம் என்று சொல்லிவிடுவார்களாம். தபால் சீல் இருந்தால் ஒருவரும் வாய் திறக்க முடியாதாம். இந்தப் பாடத்தை எனக்கு ஒருவர் எடுக்கிறார்! எனக்கு!

அன்றைக்கே கிழவருக்குப் போன் அடித்தேன். வீட்டை விற்றுவிட்டுச் சின்ன அப்பார்ட்மென்ற் ஒன்றுக்கு மாறியிருந்தார். பாதிச் சேகரிப்பை அமெரிக்கப் பக்கம் பஃபலோவில் உள்ள ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டாராம். என்னுடையதும் அதற்குள். பஃபலோ காரில் இரண்டு மணித்தியாலம். ஆனால் என் சொந்த இமிகிரேஷன் பேப்பர்களே இன்னும் சரிவரவில்லை. அமெரிக்காவில் அழிந்துபோன ஊர்களின் பெயர்களைத் தூக்கத்திலும் ஒப்புவிப்பேன், எல்லைப் பாலத்தைத் தாண்டி ஒரு அடி வைக்க விடமாட்டார்கள். வியாபாரிக்குப் போன் அடித்தால் மெஷின்தான் பேசியது. மெஷினிடம் மூன்று தரம் கெஞ்சினேன், நாலாம் தரம் ஏசினேன்.

கடைசியில் கிழவரே தன் காரில் போனார். அடுத்த சனிக்கிழமை நிலக்கீழ் அறையில் எனக்காகக் காத்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு கண்காட்சி மேசையில் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். பெயர் எழுதி வைக்கவில்லையாம். பிறகு அந்த மனிதர் தயங்கித் தயங்கி, ஆறுதலுக்கென்று இன்னொரு பழைய கவரை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான், நான் கத்தினேன். ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தேன். அறையில் இருந்த கிழவர்கள் எல்லோரும் முத்திரை அல்பங்களை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவரில் ஒரு பிழையும் இல்லை என்பது கத்தும்போதே எனக்குத் தெரியும்.

லோயரிடம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று சொன்னேன். மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும்.

"தம்பியிட்டைச் சொல்லுங்கோ. அவன் இருக்கெண்டு நம்பிக்கொண்டிருக்கிறான்."

"கேஸ் முடியட்டும்."

"முடிஞ்ச பிறகு சொல்லி என்ன?"

அவளுக்கும் ஏச்சு விழுந்தது. அந்த நாட்களில் நான் ஏசாத ஆள் வீட்டில் தம்பி ஒருவன்தான்.

விசாரணைக்கு நானும் சாட்சி. கடிதம் என் பெயருக்கு வந்தது என்பதால் என்னை அறைக்குள் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் தலை நரைத்த ஒரு பெண்மணி, மரியாதையானவர். தம்பிக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் இருந்தார். எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குறுக்கு மறுக்காக எழுதிய பழைய ஆங்கிலத்தையே வாசிக்கிறவன் நான், எனக்கு எதற்கு என்ற திமிர்.

அப்பாவின் கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த தாள் முதல் நாள்தான் வந்திருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணி அதைப் புரட்டினார். கடிதத்தில் திகதி இல்லையே என்றார். பிறகு, ஆனால் இரண்டாம் பக்கத்தின் இடதுபக்க ஓரத்தில், பக்கவாட்டாக, உங்கள் அப்பா இப்படி எழுதியிருக்கிறாரே என்று சொல்லி வாசித்தார். திகதி போடவில்லை. எப்போது தபால் போகும் என்று எனக்கே தெரியாது. உறையில் திகதி விழும். மூத்தவன் உறையை எறிய மாட்டான், அவனிடம் இருக்கும்.

நான் அந்த வரிகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கடிதம் ஒன்பது மாதம் என் வீட்டில் இருந்தது.

"அந்த உறை எங்கே?" என்று கேட்டார்.

தொலைந்துவிட்டது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். கொடுத்துவிட்டேன் என்றேன். ஒரு சேகரிப்பாளருக்கு. வேறொரு கடிதத்துக்கு மாற்றாக. யாருடைய கடிதம் என்று கேட்டார். எனக்குத் தெரியாத ஒருவருடையது, எப்போதோ இறந்துபோனவர் என்றேன்.

தம்பியை ஏற்றுக்கொண்டார்கள். யாரும் பதறவேண்டாம் என்று அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு பதிலை ஒருவரும் சோடித்துச் சொல்ல மாட்டார்கள் என்று விசாரித்தவர் நம்பியிருக்க வேண்டும் என்பது லோயரின் கருத்து. அது பிறகு நடந்தது. அன்றைக்கு அந்த அறையில் எங்களுக்கு எதுவும் தெரியாது.

மொழிபெயர்க்கும் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தம்பியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்துச் சொன்னார். "என்வலப்பைக் குடுத்திட்டாராம். வேறை ஆற்றையோ கடிதத்துக்கு மாத்திப் போட்டாராம்."

தம்பிக்குக் கோபம் வந்தது. என்னில் அல்ல.

"இல்லை அக்கா, நீங்கள் பிழையாச் சொல்லுறியள். அண்ணை அப்பிடிச் செய்யமாட்டார். திருப்பிக் கேளுங்கோ."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். தம்பியும் திரும்பினான். நான் திரும்பவும் சொன்னேன், இந்தமுறை தமிழில்.