தண்ணீர் இறங்கும் வருஷங்களில் சவரிமுத்து அண்ணன்

அலவத்துகொடக் கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தபோது சவரிமுத்து அண்ணனின் மகள் ரீட்டாவின் அழைப்பு வந்தது. "மாமா, அப்பா போயிட்டாரு. கொட்டில்லயே, கதிரையில இருந்தபடியே போயிட்டாரு." தராசை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். தெல்தெனியக் கரையில் இருக்கும் அந்தப் படகுக் கொட்டிலில் பாதி சவரிமுத்து அண்ணனுடையது. மறுபாதி என் வாப்பா எனக்கு விட்டுப்போனது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே மனிதர் என்ற ஆத்திரம் வழியெல்லாம் அடங்கவில்லை.

அந்தக் கொட்டிலைப் பார்த்தவர்கள் என்ன அழகு என்பார்கள். அழகாவது மண்ணாவது! அணை கட்டி, பழைய தெல்தெனிய ஊர் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்குமுன் சனங்கள் தங்கள் வீடுகளிலிருந்து கழற்றிய கதவுகளும் மரங்களும் ஓடுகளும்தான் அது. வாப்பாவும் அண்ணனும் அவற்றைச் சுமந்துவந்து அடித்தார்கள். அண்ணன் வீட்டு முன்கதவு தண்ணீர்ப் பக்கத்து வாசலானது. அதன் வழியாகத்தான் படகை இறக்கி மீன் பிடித்தார், ஆட்களை அக்கரைக்கு ஏற்றினார். "வீடு போனா என்ன தம்பி, வாசல் நம்மகிட்டதானே இருக்கு" என்று சிரிப்பார். அப்போது அவருக்குச் சிரிப்பு வரும்.

கடும் வறட்சி வந்தால் தண்ணீர் வெகுதூரம் இறங்கிவிடும். பழைய ரோடு தலைகாட்டும். வெளியூர்க்காரர்கள் சேற்றைக் கண்டால் ஒதுங்குவார்கள். எங்கள் ஊரார் ஒதுங்க மாட்டார்கள். சிறு வயதிலிருந்து நடந்த பாதையல்லவா, தங்கள் வீட்டுப் படியைப் பார்க்கப் பிள்ளைகுட்டியோடு இறங்கிவிடுவார்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும் மண்ணுக்குக் கீழே ஆளை விழுங்கும் சகதி கிடப்பது யாருக்குத் தெரிகிறது?

அண்ணனின் மனைவி மேரி அக்காவும் அப்படித்தான் போனார். "தெரிஞ்ச ரோடுதானே, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாராம். சத்தம் கேட்டு அண்ணன் ஓடியபோது அக்கா நெஞ்சளவு புதைந்திருந்தார். சேற்றில் படகு ஓடாது. மேலே போட்டு ஊர்ந்துபோக ஒரு பலகை வேண்டும். திரும்பி ஓடி, கொட்டிலின் தண்ணீர்ப் பக்கத்துக் கதவைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்காவைக் காணவில்லை. யா அல்லாஹ், அந்தக் கதவின் மேல் குப்புறக் கிடந்து அவர் அலறிய அலறல்! அவரைத் தூக்கி வர நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு தண்ணீர் இறங்கும் வருஷங்களில் அண்ணன் தொழிலுக்குப் போனதே இல்லை. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை கரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். இறங்க வருபவர்களை ஏச்சாலேயே விரட்டுவார். பழைய கோயில் இருந்த இடத்தில் ஜெபம் சொல்ல ஒருமுறை பாதரே வந்தார். "பாதர், மேல நின்னே ஜெபிங்க. ஆண்டவருக்கு இங்கருந்தும் காது கேக்கும்!" பாதருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் இறங்கவில்லை.

கண்டியிலிருந்து ஒருவர் கொட்டிலை விலைக்குக் கேட்டு வந்தார். கோப்பிக் கடை வைக்கப் போகிறாராம். பழைய கதவென்றால் வெள்ளைக்காரர்கள் மயங்குவார்களாம். எனக்கும் ஆசைதான். அண்ணன் அசையவில்லை. "ஒன் பாதிய வித்துக்க தம்பி. என் பாதியில நான் குந்தியிருப்பேன். தண்ணி எறங்குனா இங்க ஒரு ஆள் வேணும்." பாதிக் கொட்டிலை எவன் வாங்குவான்?

இந்த வருஷமும் தண்ணீர் இறங்கிக் கிடக்கிறது. அடக்கம் முடிந்து ரீட்டா மெழுகுவர்த்தியோடு கரைக்கு வந்தாள். "அப்பா இருக்கிற வரைக்கும் என்னை விடவே இல்ல மாமா. இன்னைக்கு ஒரு தடவ, அம்மா போன எடத்துல கொளுத்திட்டு வந்துர்றேன்." சொல்லிக்கொண்டே இறங்கத் தொடங்கினாள். பாய்ந்து போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏறு புள்ள மேல! ஒரே ஊட்டுல எத்தன மையத்து தூக்குற?" இதற்கு மேல் நான் சொன்னவற்றை எழுத முடியாது. தகப்பனைப் புதைத்த அன்றைக்கு ஒரு பெண்ணிடம் எவனாவது அப்படிப் பேசுவானா? அவள் அழுதாள், என்னை ஏசினாள். கடைசியில் கரையிலேயே குந்தி மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள்.

கோப்பிக் கடைக்காரர் மறுபடியும் கேட்கிறார். ரீட்டாவுக்கு விற்க மனம். என் பாதி இல்லாமல் அது நடக்காது, நான் கொடுக்கப்போவதில்லை. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதமும் அந்தக் கெட்ட வாயும்தான். மழை வரும்வரை என் கடையை மகன் பார்த்துக்கொள்வான். அவரைத் தெரிந்தவர்கள், அவருக்காக அழ விரும்புகிறவர்கள், கொட்டில்வரை தாராளமாக வாருங்கள். அதற்குக் கீழே ஒருவரையும் விடமாட்டேன்.