குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?

போத்தனூர் கிருபா பதினோரு வருடமாகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். டாக்டர் வந்து சேர்வதற்குள் பாதி வேலையை முடித்து வைத்திருப்பாள். அப்படிப்பட்டவளையே 2024இல் திணறடித்தது ஒரு விஷயம்: பிரிட்டனில் வேலை பார்க்க எந்த அனுமதி வாங்க வேண்டும்?

முதல் ஏஜென்சியில், படிக்கப் போவதுபோல் போய் வேலை தேடிக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்தவர் டூரிஸ்ட் விசாவே போதும் என்றார். காந்திபுரத்தில் ஆபீஸ் வைத்திருந்த சசிதர் மட்டும்தான் வேலை அனுமதி பற்றிப் பேசினான். குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்றான். நம்பிப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். ஆறு வாரம் கழித்து வந்த வேலை உத்தரவுத் தாளில் நர்ஸ் என்று இல்லை, முதியோர் பராமரிப்பாளர் என்று இருந்தது. கேட்டதற்கு, எல்லாம் ஒன்றுதான் என்றுவிட்டான்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அந்த நாட்டு அரசின் இணையதளத்தை மொபைலில் திறந்து நான்கு நாள் படித்தாள். ஒவ்வொரு பக்கமும் இன்னொரு பக்கத்துக்கு விரட்டியது. ஒருமுறை மொபைலைக் கட்டிலில் வீசிவிட்டு அழுதேவிட்டாள். கடைசியில் விளங்கியது. பராமரிப்பாளராகப் போனால் கணவன் சாமுவேலையும் மகள் அக்ஷிதாவையும் கூட்டிப் போக முடியாது. அந்த வருட மார்ச்சிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். நர்ஸாகப் போனால் முடியும். ஆனால் அதற்கு ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும்.

மறுநாள் காலை சசிதர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, புள்ளயக் கூட்டிட்டுப் போலாம்னு சொன்னீங்கல்ல?"

"மொதல்ல நீங்க போய்ச் சேருங்க மேடம். மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க."

"முடியாதுன்னு நானே படிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கறனுங்க. பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க."

பாஸ்போர்ட் சென்னையில் இருக்கிறது, வாங்கி அனுப்புகிறேன் என்றான். அவள் எழவில்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், தாளில் என்ன வேலை போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். இரண்டு பேர் கையெழுத்துப் போடாமலே திரும்பிப் போனார்கள். மதியம் மூன்று மணிக்கு, சென்னையில் இருந்த பாஸ்போர்ட் சசிதரின் மேசை டிராயரிலிருந்து வெளியே வந்தது.

எட்டு மாதம் படித்துத் தேர்வு எழுதினாள். எழுத்துப் பகுதியில் மட்டும் அரை மார்க்கில் போய்விட்டது.

"தெனமும் கேஸ் ஷீட்டு இங்கிலீஷ்லதான எழுதறேன்? அதுல ஒரு நாயாவது குத்தஞ் சொல்லியிருக்குதா?" என்று சாமுவேலிடம் பொருமினாள்.

மறுபடி எழுதப் போகிறாயா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். மொபைலை எடுத்து அடுத்த தேர்வுக்குப் பதிவு செய்தாள். ஆத்திரம் மட்டும் தணியவே இல்லை.